1916 மே 9: ஒரு மாணவர் வாசித்த கட்டுரை

சென்ற கல்வியாண்டின் இறுதியில் எங்கள் துறையில் மாணவர் கருத்தரங்கு ஒன்று நடந்தது. முதுகலை இரண்டாமாண்டு மாணவி ஒருவர் தம் ஊர்ச் சிறுதெய்வ வழிபாடு குறித்துக் கட்டுரை வாசித்தார். உழைப்பு மிகுந்த கட்டுரைதான். ஆனால் தொடக்கம் முதல் இறுதி வரை ‘இம்மக்கள்’, ‘இவர்தம் வழக்கம்’, ‘இவர்கள் நம்புகின்றனர்’ என்றே சென்றது. வாசித்தவரோ அம்மக்களுள் ஒருவர். கட்டுரையில் தகவலாளியாக வந்த மூதாட்டி அவருடைய சொந்த அப்பத்தா. தேநீர் இடைவேளையில், “ஏனம்மா, அப்பத்தாவையும் ‘இவர்கள்’ கணக்கில் சேர்த்துவிட்டாயே?” என்று கேட்டேன். “நாங்கள்னு எழுதினா ஆய்வுன்னு எடுத்துக்க மாட்டாங்களோன்னு பயமா இருந்துச்சுங்க ஐயா” என்றார்.

அந்த அச்சத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் அவருக்கு முன் வாசித்த மாணவர் வரிக்கு வரி ‘நாங்கள்’ என்றே எழுதியிருந்தார். அதில் இருந்ததெல்லாம் குலப்பெருமை. ஆண்ட கதை, கொடுத்த கொடை, வென்ற போர். கேள்வி என்று ஒன்றுகூட இல்லை. கைத்தட்டல் மட்டும் பலமாக இருந்தது. சொந்த மக்களைப் பற்றிப் பல்கலைக்கழக அரங்கில் எழுந்து பேசும் மாணவருக்கு இவ்விரண்டைத் தவிர வேறு வழியே இல்லையா என்று எண்ணியபடி வீடு திரும்பினேன். அப்போது நினைவுக்கு வந்ததுதான் 1916ஆம் ஆண்டு மே 9 அன்று, நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானிடவியல் கருத்தரங்கில் ஓர் இந்திய மாணவர் வாசித்த கட்டுரை. ‘இந்தியாவில் சாதிகள்: அவற்றின் இயங்குமுறை, தோற்றம், வளர்ச்சி’ என்பது அதன் தலைப்பு. மாணவர் பெயர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். அப்போது அவருக்கு வயது 25.

அம்பேத்கரை அரசியல் சட்டத்தின் சிற்பியாக, பௌத்தம் தழுவிய தலைவராக நாம் அறிவோம். மாணவராக, அதிலும் மானிடவியல் வகுப்பில் அமர்ந்த மாணவராக, அவரை நினைத்துப் பார்ப்பது அரிது. பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை அளித்தார்; படித்து முடித்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது உடன்படிக்கை. 1913 ஜூலையில் நியூயார்க் வந்து சேர்ந்தவர், பசித்தவன் பந்தியில் அமர்ந்ததுபோல் படித்தார். பொருளாதாரத்தில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4 என்று அவர் எடுத்துக்கொண்ட பாடங்களின் பட்டியல் நீள்கிறது. பிரெஞ்சும் ஜெர்மனும்கூட ஒவ்வொரு பாடம் உண்டு. 1915இல் பண்டைய இந்திய வணிகம் பற்றிய ஆய்வேட்டுக்கு முதுகலைப் பட்டம் பெற்றார். பொருளாதாரமே அவருடைய முதன்மைத் துறை. மானிடவியல் அவருக்குப் பக்கத்து வீடு. அந்தப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டுதான் தம் வாழ்நாள் முழுவதும் துரத்திய கேள்வியை முதன்முதலாக ஆய்வு மொழியில் எழுப்பினார்.

அந்தக் கருத்தரங்கை நடத்தியவர் அலெக்சாண்டர் கோல்டன்வைசர். கீவ் நகரில் 1880இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யூதர். கொலம்பியா மானிடவியலின் தந்தையான பிரான்ஸ் போவாஸின் மாணவர். போவாஸும் ஜெர்மனியிலிருந்து வந்த யூதரே. மண்டை ஓட்டின் அளவையும் தோலின் நிறத்தையும் வைத்து மனிதரின் அறிவை அளப்பது அறிவியல் என மதிக்கப்பட்ட காலத்தில், அதை உள்ளிருந்தே தகர்த்தவர் அவர். அவருடைய ‘ஆதி மனிதனின் மனம்’ 1911இல் வெளியாயிற்று. கோல்டன்வைசரின் முனைவர் பட்ட ஆய்வு குலக்குறி பற்றியது, 1910இல் வெளிவந்தது. குலக்குறி என்று ஒரே பெயரில் அறிஞர்கள் அழைத்துவந்தது உண்மையில் ஒரே பொருளன்று, புறமணம், விலங்குப் பெயர், உணவு விலக்கு, மூதாதை நம்பிக்கை எனத் தனித்தனிக் கூறுகள் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு வகையாகச் சேர்ந்திருப்பதே என்று அதில் அவர் காட்டினார். எது உயிர்க்கூறு, எது ஒட்டிக்கொண்ட கூறு என்று பிரித்துப் பார்ப்பதே அவர் கற்பித்த முறை. அம்பேத்கரின் கட்டுரையைப் படிக்கும்போது ஆசிரியரின் இந்தப் பிரித்தறியும் முறை மாணவரின் கையில் கூர்மை பெற்றிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இங்கே அந்த ஆண்டைப் பற்றி ஒரு சொல். 1916 மார்ச் 20 அன்று வர்ஜீனியா மாநிலத்தில் ஓட்டா பெங்கா என்னும் காங்கோ நாட்டவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். 1906இல் நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச் சாலையில் குரங்குக் கூண்டில் வைத்து மக்களுக்குக் காட்டப்பட்டவர் அவர். ஐந்து நாள் கழித்து, மார்ச் 25 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் இஷி என்று அழைக்கப்பட்ட யாஹி இனத்தவர் காசநோயால் இறந்தார். தம் இனத்தில் கடைசியாக எஞ்சியவர் எனக் கருதப்பட்ட அவர், வாழ்வின் இறுதி ஆண்டுகளை மானிடவியல் அருங்காட்சியகத்திலேயே கழித்தவர். அவரை ஆராய்ந்தவர் போவாஸின் மாணவரான குரோபர். மானிடவியலின் கண் எத்திசை நோக்கியிருந்தது என்பதற்கு இவ்விரு சாவுகளே சான்று. பார்ப்பவர் ஒருவர், பார்க்கப்படுபவர் மற்றொருவர். பார்க்கப்படுபவர் எழுந்து கட்டுரை வாசிக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஏழு வாரம் கழித்து அது கொலம்பியாவில் நடந்தது.

வியப்பு என்னவென்றால், அம்பேத்கர் தம் உரையைக் கண்காட்சியை வைத்தே தொடங்குகிறார். நாகரிகத்தின் பொருள்களைக் காட்டும் கண்காட்சிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள், மனித நிறுவனங்களின் கண்காட்சி என்பது விந்தையாகத் தோன்றலாம், ஆயினும் அதைத்தான் இன்று செய்யப்போகிறேன் என்ற பொருள்பட முன்னுரை அமைகிறது. ஓட்டா பெங்காவையோ இஷியையோ அவர் நினைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காட்சிக்கு வைக்கப்படுவது மனிதர் ஆகாமல், மனிதர் படைத்த ஏற்பாடு ஆயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். கூண்டுக்குள் இருப்பது சாதி. அதைச் சுற்றி வந்து விளக்குபவர் ஒரு மாணவர்.

முதல் வேலையாக நான்கு அறிஞர்களை வரிசையில் நிறுத்துகிறார். பிரெஞ்சு அறிஞர் செனார், வடமேற்கு மாகாணங்களில் பணியாற்றிய நெஸ்ஃபீல்டு, 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற மராட்டிய அறிஞர் கேத்கர். தீட்டுதான் சாதியின் அடையாளம் என்றால், அது புரோகிதச் சடங்கிலிருந்து வந்தது, புரோகிதச் சாதி உச்சியில் இருப்பதால் சாதியோடு ஒட்டிக்கொண்டது, சாதியின் உயிர் அதில் இல்லை என்கிறார். உடனுண்ணாமை பற்றிய நெஸ்ஃபீல்டின் கருத்துக்கு விடை, விளைவைக் காரணமாக மயங்கினார் என்பது. ரிஸ்லியின் நிலைதான் பரிதாபம். பேரரசின் மானிடவியல் அதிகாரமே உருவெடுத்த அம்மனிதரைத் தனிக்கவனத்துக்குரிய புதுச்செய்தி எதுவும் இல்லாதவர் என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டு நடக்கிறார் இருபத்தைந்து வயது மாணவர். அந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

கேத்கருக்கு மட்டும் மதிப்புத் தருகிறார். அவர் அந்நாட்டவர், ஆதலின் கூரிய திறனாய்வும் திறந்த மனமும் கொண்டு சாதியை அணுக முடிந்தது என்கிறார். உள்ளிருப்பவன் ஆராய முடியாது என்பதுதான் அக்காலத்துப் பொதுக்கருத்து. உள்ளிருப்பதே தகுதி என்று அதைப் புரட்டிப் போடுகிறார், அதுவும் ஒரு பிராமண அறிஞரைப் பாராட்டும் சாக்கில். பாராட்டியபின் அவரையும் விடவில்லை. உறுப்பினருக்குப் பிறந்தவரே உறுப்பினர், வெளியே மணம் கூடாது என்று சாதிக்குக் கேத்கர் இரண்டு இலக்கணம் சொல்லியிருந்தார். வெளியே மணத்தை மூடிவிட்டால் உள்ளே பிறந்தவர் மட்டுமே உறுப்பினராக முடியும். ஆகவே இவை இரண்டல்ல, ஒன்றின் இரு முகங்கள் என்கிறார் அம்பேத்கர். உரித்து உரித்து, கடைசியில் ஒரே ஒரு கூற்றில் வந்து நிற்கிறார். அது அகமணம்.

இனி வருவதுதான் கட்டுரையின் உயிர்நிலை. மனித சமூகங்களின் பழைய இயல்பு புறமணம். குலத்துக்குள் மணக்காமல் வெளியே மணப்பது. இந்தியாவிலும் கோத்திரம், சபிண்டம் என்று அந்த விதி இன்றும் கடுமையாக வாழ்கிறது. புறமணம் ஆட்சி செய்யும் இடத்தில் சாதி உருவாக வழியே இல்லை; ஏனெனில் அது குழுக்களைக் கலந்துகொண்டே இருக்கும். அப்படியானால் புறமணத்தின் மேல் அகமணத்தை யாரோ ஏற்றி வைத்திருக்க வேண்டும். அந்த ஏற்றத்தின் பெயரே சாதி. தென்னாட்டு வாசகர் இங்கே, ‘நம்மிடம் மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கிறார்களே’ என்று இடைமறிக்கலாம். சரிதான், வடநாட்டுச் சபிண்ட விதி இங்கே அப்படியே செல்லாது. ஆயினும் கொங்குப் பகுதியில் கூட்டம், தென்மாவட்டங்களில் கிளை என்று கேட்டுப் பாருங்கள். ஒரே கூட்டத்தார் பங்காளிகள், ஆகவே மணம் கிடையாது. சாதிக்கு வெளியிலும் மணம் கிடையாது. ஒரு வட்டத்துக்கு வெளியே, இன்னொரு வட்டத்துக்கு உள்ளே. அம்பேத்கர் சொன்ன இரட்டை வேலி நம் ஊர்க் கல்யாணப் பேச்சுவார்த்தையில் தினமும் கண்முன் நிற்கிறது.

ஒரு குழு கதவைச் சாத்திக்கொண்டால் என்ன நேரும்? ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சம எண்ணிக்கை என்று வைத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் ஒரே நாளில் இறப்பதில்லை. கணவன் இறந்தால் ஒரு பெண் ‘மிகை’ ஆகிறாள். மனைவி இறந்தால் ஓர் ஆண் ‘மிகை’ ஆகிறான். இந்த மிகைகளைச் சரிக்கட்டாவிட்டால் அவர்கள் வெளியே துணை தேடுவார்கள், அல்லது உள்ளே பிறர் பங்கைப் பறிப்பார்கள்; வேலி உடையும். மிகைப்பெண்ணை என்ன செய்வது? கணவனோடு எரித்துவிடலாம். எல்லோரையும் எரிக்க முடியாது. ஆகவே உயிரோடு வைத்து, மறுமணத்தைத் தடுத்து, யாரும் விரும்பா வண்ணம் அவளுடைய தோற்றத்தையும் வாழ்வையும் சிதைக்கலாம். மிகை ஆணை என்ன செய்வது? எரிக்க முடியாது, ஏனெனில் அவன் ஆண். தவிரவும் குழுவுக்கு அவன் உழைப்பு வேண்டும். துறவு பூணச் செய்யலாம். ஆனால் அது இயற்கைக்கு முரண், குழுவும் மெலியும். எனவே இன்னும் மணவயது வராத சிறுமியை அவனுக்குக் கட்டிவைப்பது. உடன்கட்டை, கைம்மைக் கொடுமை, சிறுமி மணம் ஆகிய மூன்றும் அகமணத்தைக் காக்கும் கருவிகள். அவற்றைப் புகழும் தத்துவங்கள் பின்னால் வந்தவை. வழக்கம் தேவைப்பட்டது, தேவைப்பட்டதால் அதைச் சர்க்கரை பூசிப் போற்றினார்கள். காரணம் சொல்லாமல் புகழ்ந்தார்கள் என்பதே அவர் கருத்து.

எண்களின் மொழியில், ஒரு துளி கண்ணீர் இல்லாமல், கணக்காசிரியர் பலகையில் எழுதுவதுபோல் இதை எழுதிச் செல்கிறார். பெண்ணின் உடலே சாதியின் எல்லைக்கோடு என்பதைப் பிற்காலப் பெண்ணியச் சிந்தனையாளர்கள் விரிவாக எழுதியுள்ளனர். 1916இல் ஓர் ஆண் மாணவர் அதைக் கருத்தரங்கில் நிறுவ முனைந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இலக்கியம் கற்பிக்கும் எனக்கு இவ்விடத்தில் புறநானூற்றின் 246ஆம் பாடல் குறுக்கே வந்து நிற்கிறது. பூதப்பாண்டியன் இறந்தபின் அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயச் செல்கிறாள், சான்றோர் தடுக்கின்றனர், அவர்களை நோக்கிச் சொன்ன விடை அப்பாட்டு. கைம்பெண்ணின் உணவும் படுக்கையும் எத்தகையன என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லி, அதைவிடத் தீயே தனக்கு இனிது என்கிறாள். ஆனந்தப்பையுள் என்று துறை வகுத்து, காதலின் ஆழத்துக்குச் சான்றாக இப்பாட்டைப் பல்லாண்டு நடத்தியிருக்கிறேன். அம்பேத்கரைப் படித்தபின் அவ்வாறு நடத்த இயலவில்லை. அவள் முன் இருந்தவை இரண்டே வாயில்கள். இரண்டுமே அவர் சுட்டிய வாயில்கள். சங்க காலத்தில் இன்றைய சாதி இருந்தது என்று இதைக்கொண்டு வாதிடுவது பிழை. அதை நான் செய்யவில்லை. ஆனால் மூன்றாவது வாயில் ஏன் இல்லை என்று வகுப்பில் மாணவியர் கேட்கும்போது, காதலின் ஆழம் என்று மட்டும் விடை சொல்லித் தப்பிக்க முடிவதில்லை.

சரி, கதவை முதலில் சாத்தியவர் யார்? புரோகித வகுப்பு என்கிறார் அம்பேத்கர். இம்மூன்று வழக்கங்களும் மிகக் கடுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது அங்கேதான். மற்றவர்களிடம் அவை நகலாகவே இருந்தன என்பது அவர் தரும் சான்று. ஆனால் அடுத்த அடியில் அவர் சொல்வது, அவரைப் பற்றி இருதரப்பாரும் கொண்டுள்ள எண்ணத்துக்கு ஒத்துவராது. மனு என்னும் ஒருவர் சட்டம் போட்டுச் சாதியை உண்டாக்கினார் என்பதை அவர் ஏற்கவில்லை. மனுவுக்கு முன்பே சாதி இருந்தது. அவர் அதைத் தொகுத்துத் தத்துவம் கற்பித்தார், அவ்வளவே. பிராமணர் பல குற்றங்கள் செய்திருக்கலாம், செய்தும் இருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு பெரிய மக்கள்தொகையின் மேல் சாதியைச் சுமத்தும் ஆற்றல் அவர்களிடம் இருந்ததில்லை என்கிறார். அப்படியானால் அது பரவியது எப்படி? பிரெஞ்சுச் சிந்தனையாளர் தார்தின் போலச்செய்தல் கோட்பாட்டை இங்கே துணைக்கு அழைக்கிறார். மேலிருப்பவரைக் கீழிருப்பவர் பார்த்துச் செய்வர். அருகில் இருப்பவர் அதிகமாக, தொலைவில் இருப்பவர் குறைவாக. விருப்பத்தோடு கதவடைத்தவர் சிலர்; பிறர் அடைத்ததால் வெளியே நிறுத்தப்பட்டு வேறு வழியின்றித் தனிச்சாதி ஆனவர் பலர். ஒரு சாதி என்பது தனியாக இருக்கவே முடியாது, பன்மையில்தான் அது உண்டு என்ற நுட்பமான முடிவுக்கு இப்படித்தான் வருகிறார். 1952இல் எம்.என். சீனிவாஸ் குடகர் பற்றிய நூலில் ‘சமஸ்கிருதமயமாதல்’ என்று பெயரிட்டுப் புகழ்பெற்ற கருத்துக்கும் இதற்கும் உள்ள உறவைச் சமூகவியல் படித்தோர் எளிதில் காண்பர். வேறுபாடும் உண்டு. சீனிவாஸுக்கு அது மேலேறும் படி. அம்பேத்கருக்கு அது மூடிக்கொண்டே போகும் கதவு.

நிறம், இனம் பற்றியும் ஒரு வெட்டு உண்டு. நிறவேற்றுமை மனத்தில் ஊறிய ஐரோப்பிய அறிஞர்கள் சாதிக்கும் நிறமே காரணம் எனக் கற்பனை செய்துகொண்டனர் என்கிறார். மூக்கின் அகலத்துக்கும் சமூகத் தகுதிக்கும் தொடர்பு கண்டவர் ரிஸ்லி. சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டனும் தென்னிந்தியர் பலரை அளவுகோலால் அளந்தார். ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ ஏழு தொகுதிகளாக 1909இல் வந்தது. நம் குலவரலாற்று எழுத்தாளர்கள் இன்றளவும் தர்ஸ்டனை வேதவாக்காக மேற்கோள் காட்டுவதைப் பார்க்கிறேன். அளக்கப்பட்டவர் பரம்பரை, அளவுகோலைக் கையில் எடுத்துத் தன் பெருமையை அளந்துகொள்வது ஒரு விசித்திரம்.

இக்கட்டுரையை அம்மாணவிக்குப் படிக்கக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்து, “ஐயா, இவரு எங்கேயுமே தன்னைப் பத்திச் சொல்லலையே?” என்றார். நான் எதிர்பார்த்த கேள்விதான். பள்ளியில் சாக்குத் துணிமேல் தனியே அமர்த்தப்பட்ட சிறுவன் கட்டுரையில் இல்லை. தண்ணீர்க் குழாயைத் தொட அனுமதிக்கப்படாதவன் இல்லை. தாம் மகர் என்னும் தீண்டப்படாத சாதியில் பிறந்தவர் என்பதையே வாசிப்பவர் அறிய வழியில்லை. தமிழில் தன்மைப் பன்மை இரண்டு: கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’, உளப்படுத்தாத ‘நாங்கள்’. அம்பேத்கரின் கட்டுரையைத் தமிழில் பெயர்த்தால் இந்த ‘நாங்கள்’ தேவைப்படும் இடம் அநேகமாக வராது. பெரிதும் ‘நான்’தான், அந்த நான், பிறப்பைச் சொல்லாமல் வாதத்தை மட்டும் சொல்கிற நான். ‘இம்மக்கள்’ என்று விலகி நின்ற என் மாணவியின் நிலையும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்கலாம். இல்லை என்பது என் துணிபு. அவர் தம்மை மறைத்தது, மதிப்பெண் போடுவோரின் கண்ணுக்குத் தம் மக்களைப் பொருளாக்கிக் காட்டுவதற்காக அன்று. தம் புண்ணைக் காட்டியிருந்தால் அறையிலிருந்தோர் இரங்கியிருப்பர்; இரக்கம் வந்த இடத்தில் வாதம் செத்துவிடும். வாதத்தை வாதத்தால் மட்டுமே எதிர்கொள்ளும் நெருக்கடியை அவர்களுக்கு உண்டாக்கினார். இறுதியில், என் கருத்தைப் பிழை என்று காட்டினால் அதைக் கைவிட நான் அணியம் என்ற அளவில் முடிக்கவும் செய்கிறார்.

ஆயினும் அந்த மௌனத்துக்கு ஒரு விலை இருந்தது. சாதிகள் ஒன்றையொன்று விலக்குவதை விளக்கும் கட்டுரை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதைப் போதிய அளவு விளக்கவில்லை. தீண்டாமை அதில் ஆய்வுப்பொருளே ஆகவில்லை. அகமணம் மட்டுமே சாதியாகும் என்றால் உலகில் உள்ளுக்குள் மணந்துகொள்ளும் குழு ஒவ்வொன்றையும் சாதி எனச் சொல்ல நேரும். உடன்கட்டையும் எல்லா இடத்தும் எல்லாக் காலத்தும் பரவலாக நடந்ததன்று. கணக்கு அவ்வளவு நேராக விழாது. இவற்றைச் சொல்வதால் கட்டுரை சிறுத்துப்போகாது.

அக்கட்டுரை ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் 1917 மே மாதம் அச்சேறியது. அதற்குள் அம்பேத்கர் லண்டனில் படித்துக்கொண்டிருந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் படிப்பைப் பாதியில் விட்டு அவ்வாண்டே இந்தியா திரும்ப நேர்ந்தது. உடன்படிக்கைப்படி பரோடா சென்றார். அங்கே என்ன நடந்தது என்பதைப் பிற்காலத்தில் அவரே ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் சிறு தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதிவைத்தார். வெளிநாட்டு வாழ்க்கை, தாம் தீண்டத்தகாதவர் என்ற நினைவையே துடைத்துவிட்டிருந்தது; ரயிலை விட்டு இறங்கியதும் எங்கே தங்குவது என்ற கேள்வி அதைத் திரும்பக் கொண்டுவந்தது. இந்து விடுதி இடம் தராது. ஒரு பார்சி விடுதியில், பதிவேட்டில் பார்சிப் பெயர் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் காலை, கையில் தடியுடன் பத்துப் பன்னிரண்டு பார்சிகள் வந்து சூழ்ந்துகொண்டனர். மாலைக்குள் காலி செய்ய வேண்டும் என்றனர். ஓர் இந்து நண்பரிடமும் ஒரு கிறித்தவ நண்பரிடமும் இடம் கேட்டார். இருவரிடமும் காரணங்கள் இருந்தன, இடம் இல்லை. பொதுப் பூங்காவில் அமர்ந்து இரவு ரயிலுக்குக் காத்திருந்தார். சாதி என்பது மூடப்பட்ட கதவு என்று அவர் எழுதிய கட்டுரை அச்சாகி நான்கைந்து மாதங்களே ஆகியிருந்தன.

கொலம்பியாவில் சொல்லாத ‘நான்’ இப்படிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் எழுத்தில் வந்தது. 1936இல் லாகூர்ச் சாதி ஒழிப்புச் சங்கத்தின் மாநாட்டுத் தலைமையுரையாக எழுதி, அவர்கள் மாநாட்டையே கைவிட்டதால் பேசப்படாமல் அச்சாகிய ‘சாதி ஒழிப்பு’ நூலில், நோய்க்கு மருந்து கலப்பு மணமே என்று சொல்லும்போது 1916இன் கண்டறிதல் அப்படியே அடியில் நிற்கிறது. ஆனால் இம்முறை சாத்திரங்களின் மேலுள்ள நம்பிக்கையை உடைக்காமல் கலப்பு மணம் நடவாது என்று ஒரு படி மேலே செல்கிறார். தொனியும் மாறிவிட்டது, இங்கே பேசுபவர் யார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தந்தை பெரியார் அதைத் தமிழில் கொண்டுவந்ததால் நம்மவர் பலருக்கும் அது அறிமுகம். மாணவப் பருவத்துக் கட்டுரை அந்த அளவுக்கு அறிமுகமாகவில்லை.

1944இல் ‘சாதி ஒழிப்பு’ மூன்றாம் பதிப்பு கண்டபோது எழுதிய முன்னுரையில், கொலம்பியாக் கட்டுரையையும் இதனோடு இணைத்துத் திருத்தி எழுத எண்ணியிருந்ததையும், அதற்கு நேரம் வாய்க்காததையும் குறிப்பிடுகிறார். அந்த நேரம் பின்னரும் வாய்க்கவில்லை. 1956இல் அவர் மறைந்தார். 1979இல் மகாராஷ்டிர அரசு அவருடைய எழுத்தும் பேச்சும் தொகுதிகளை வெளியிடத் தொடங்கியது. அதன் முதல் தொகுதியில் முதற்கட்டுரையாக இருப்பது 1916 மே 9 அன்று வாசித்தது. அதற்கு அடுத்து இருப்பது ‘சாதி ஒழிப்பு’.